ஃபெரா என்று எழுதியிருந்தது

சுவிஸில், ஜெனீவா ஏரி என்கிற லெமான் ஏரிக்கரையில், லவுசானுக்கும் வெவேக்கும் நடுவில், சின்ன ரெயில் நிலையம் ஒன்றில் இறங்கி ஐந்து நிமிடம் கீழே நடந்தால் ஒரு மீன் சாப்பாட்டுக்கடை வரும். முன்னால் ஏரி, முதுகுப் பக்கம் லவோ திராட்சைத் தோட்டங்கள். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே குசினியில் எங்கள் ஆள் ஒருவர் நிற்கிறார். நல்லதாக எழுதினால் தெரிந்த ஆளுக்காக எழுதினேன் என்பார்கள், குறை எழுதினால் அந்தப் பெடியனுக்கு வில்லங்கம். அந்தக் கரையில் இப்படி ஏழெட்டுக் கடை உண்டு, எல்லாவற்றுக்கும் பாதியாவது பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இவன் ஏன் மீன் முள்ளை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பீர்கள். 1988-இல் இந்த நாட்டுக்கு வந்தேன். வந்த மூன்றாம் மாதம் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவப் போனேன். அப்புறம் மரக்கறி வெட்டு, அப்புறம் மீன் மேசை. மீன் மேசையிலேயே இருபது வருசத்துக்கு மேல் போய்விட்டது. இந்த ஏரியின் மீனை என் கை அறிந்த அளவுக்கு என் வாய் அறியாது. குசினி ஆட்களுக்கு மத்தியானம் தருவது மக்ரோனி. மீன் முன் கதவால் போகும்.

ஓய்வு எடுத்த பிறகு மனுசி சொன்னார்: "இவ்வளவு காலமும் ஆருக்கோ வெட்டிக் குடுத்தியள். ஒரு நாளைக்கு முன் பக்கத்தால போய்க் கதிரையில இருந்து சாப்பிடுவம்." சரி என்று போன ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை போனோம்.

மேசை பன்னிரண்டரைக்கு. அதற்கு முன் வெவேயில் இறங்கிக் கரையில் நடந்தோம். அங்கே தண்ணீருக்குள் 8 மீட்டர் உயர முள்ளுக்கரண்டி ஒன்றைக் குத்தி நிறுத்தியிருக்கிறார்கள், உணவு அருங்காட்சியகத்துக்கு முன்னால். முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைக் கையில் பிடித்திருப்பது போலப் படம் எடுப்பார்கள். நாங்களும் 1991-இல்... இல்லை, அது 1995-இல்தான் வந்தது. நாங்கள் படம் எடுத்தது மூத்தவள் பிறந்த பிறகு.

கடையில் வெளியே இருபது மேசை, உள்ளே அதற்கும் குறைவு. வெளியே கேட்டால் வெளியே தருகிறார்கள். நிழல் நன்றாக இருக்கிறது. மேசை விரிப்புத் துணி, பேப்பர் இல்லை. பாண் சூடாக வந்தது, கூடவே உப்புத் தூவிய பட்டர். இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

தண்ணீர் கேட்டோம். போத்தல் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும் என்றோம். கண்ணாடிக் குடுவையில் வந்தது. பில் வந்தபோது அதற்கு 5 பிராங். நான் குசினி ஆள், குடுவை கழுவவும் கூலி உண்டு என்று எனக்குத் தெரியும், இந்த நாட்டில் நிறையக் கடைகள் இப்படித்தான் எடுக்கின்றன என்பதும் தெரியும். ஆனால் இந்தப் பக்கத்துக் குழாய்களில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு அந்த ஏரியில் இருந்து எடுத்துச் சுத்தம் செய்வதுதான். ஏரியைப் பார்த்துக்கொண்டே ஏரித் தண்ணீருக்கு 5 பிராங் கொடுப்பது தொண்டையில் நிற்கிறது.

சரி, மீனுக்கு வருகிறேன்.

மெனு அட்டையில் மூன்று மீன். பெர்ஷ் துண்டுகள், ஃபெரா, ஓம்பிள் செவாலியே. ஃபெராவுக்கு நேரே "லெமான் ஏரி ஃபெரா" என்று சாய்ந்த எழுத்தில் போட்டு, கீழே சின்னதாக "வரத்தைப் பொறுத்து". விலை 39 பிராங். பெர்ஷ் 46.

பரிமாற வந்த பெடியன் எதிர்க்கரைக்காரன். எவியானில் இருந்து காலையில் கப்பல் ஏறி வேலைக்கு வருகிறவன். ஃபெரா இன்றைக்கு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றான். இந்த ஏரியினதா என்று கேட்டேன். "அசல் ஃபெரா, ஐயா. இந்த ஏரியில் மட்டும்தான் இருக்கிறது, உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை" என்றான். முகத்தில் பொய் இல்லை, யாரோ சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னான். மனுசி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார், வாயைத் திறக்காதேயுங்கோ என்று அர்த்தம். நான் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

அவன் சொன்னது நூறு வருசத்துக்கு முன்னால் சரி. இந்த ஏரியில் மட்டும் இருந்த ஃபெரா என்று ஒரு மீன் இருந்தது. ஜெனீவாக்காரர் லூயி ஷூரின் என்ற மருத்துவர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார், கொறெகோனஸ் ஃபெரா. வௌவால் இருட்டில் காதால்தான் வழி பார்க்கிறது என்று காதை அடைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தவரும் அதே ஆள்தான். ஏரி மீன்களைப் பற்றி அவர் எழுதியது 1825-இல் அச்சானது, அவர் இறந்து ஆறு வருசத்துக்குப் பிறகு. அதே எழுத்தில் ஃபெராவின் கூடப்பிறப்பு மாதிரி இன்னொரு மீனுக்கும் பெயர் இருக்கிறது, கிராவான்ஷ். அதன் லத்தீன் பெயருக்குக் குளிர்காலத்தது என்று அர்த்தம். அதுவும் இந்த ஏரிக்கு மட்டும் சொந்தமாக இருந்தது.

இரண்டும் இன்றைக்கு இல்லை. 19-ஆம் நூற்றாண்டு முடியும்போதே வலையில் குறைந்துவிட்டன. அசல் ஃபெராவைப் பார்த்ததாகக் கடைசிப் பதிவு 1920. அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததும், தண்ணீர் கெட்டுப்போனதும் காரணம் என்கிறார்கள். உலக அழிவுப் பட்டியலில் "அழிந்துவிட்டது" என்ற கட்டத்தில் இருக்கிறது.

அப்படியானால் கோப்பையில் கிடந்தது என்ன? அது வந்தேறி. மீன் குறைந்ததும் மற்ற ஏரிகளில் இருந்து முட்டையும் குஞ்சும் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். முக்கியமாக வடக்கே இருக்கிற நூஷாத்தல் ஏரியின் பலே என்ற மீன். அதுவும் கொறெகோன் குடும்பம்தான். வெள்ளி உடம்பு, சின்ன வாய், முதுகில் வாலுக்குக் கிட்ட ஒரு குட்டிக் கொழுப்புச் செட்டை. பலே இந்த ஏரியில் பிடித்துக்கொண்டது. மீனவர்கள் வலையில் வெள்ளியாக ஒன்று வந்தால் அப்பன் பாட்டன் சொன்ன பெயரைத்தான் சொல்வார்கள். மீன் மாறிவிட்டது, பெயர் கரையிலேயே நின்றுவிட்டது.

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் பழைய குசினித் தலைவர். அவருடைய பாட்டனார் வலைக்காரர். 1990-களின் தொடக்கத்தில் ஒரு நாள், நான் முதல் முதலாக ஒரு பெட்டி ஃபெராவைத் தனியாக வெட்டி முடித்தேன். அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நன்றாக வெட்டியிருக்கிறாய். ஆனால் இது ஃபெரா இல்லை" என்றார். எனக்குப் பகீர் என்றது, மாறி வேறு பெட்டியை எடுத்துவிட்டேனோ என்று. அப்புறம்தான் சிரித்துக்கொண்டு கதையைச் சொன்னார். என் பிரெஞ்சு அப்போது அரைகுறை. "செத்துப்போன மீனின் பெயர்" என்று மட்டும் விளங்கியது. செத்த மீனைத்தானே வெட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கத்தியைக் கழுவப் போனேன்.

முழுதாக விளங்கியது ஓய்வு எடுத்த பிறகு, நூலகத்தில். மோர்ஜ் ஊர்க்காரர் ஃபொரெல் என்பவர் இந்த ஏரியைப் பற்றி 1892-இல் தொடங்கி 1904 வரை மூன்று பெரிய தொகுதி எழுதியிருக்கிறார். ஏரிகளைப் படிப்பதையே ஒரு தனித்துறை ஆக்கியவர். ஆழம், சேறு, அலை, வெப்பம் என்று ஒன்றும் மிச்சமில்லை. இவ்வளவு கவனமாக உலகத்தில் வேறு எந்த ஏரியையும் அந்தக் காலத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவர் 1912-இல் போனார், எட்டு வருசத்தில் ஃபெராவும் போய்விட்டது.

மனுசிக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டது: "எங்களுக்கு இந்த நாட்டுச் சிட்டிசன் கிடைக்க எத்தினை வருசம் எடுத்தது?" பத்தொன்பது. அதிலே இன்னொரு பகிடி இருக்கிறது. கம்யூனில், அதாவது ஊர்ச் சபையில், நேர்முகம் வைத்தபோது, இந்த ஏரியில் என்ன மீன் பிடிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி "ஃபெரா" என்றேன். மூன்று பேரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் பக்கமும் இது புதிதில்லை. வன்னியில் மாமி வீட்டுக்குப் போனால் குளத்தில் பிடித்த யப்பான் மீன் என்று பொரித்துத் தருவார். யப்பானுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. 1950-களில் இலங்கைக் குளங்களில் கொண்டுவந்து விட்ட ஆபிரிக்கத் திலாப்பியா அது. மீன் எங்கே பிறந்தது என்று சட்டியில் இருப்பதைப் பார்த்து யாருக்குத் தெரியும்.

இப்போது சாப்பாடு.

முதலில் புகைபோட்ட ஃபெரா எடுத்தோம், 19 பிராங். பச்சையாக அரிந்து எலுமிச்சைச் சாறு விட்ட ஃபெராவும் இருந்தது, இப்போது எல்லாக் கடையிலும் அதுதான் பாஷன். மனுசி பச்சை மீன் என்றதும் அட்டையை மூடிவிட்டார். புகைபோட்டது ஐந்து துண்டு வந்தது. புகை அளவோடு இருந்தது, மரத்தின் மணம் மீனை அமுக்கவில்லை. ஆனால் துண்டுகள் தடிப்பு. ஃபெராவின் சதை மென்மையானது, சல்மன் மாதிரி இழுபடாது; மெல்லியதாகச் சீவினால் நாக்கில் கரையும், தடிப்பாக வெட்டினால் ஈரப் பஞ்சு மாதிரி நிற்கும். கத்தி மொட்டையாக இருந்திருக்கவேண்டும், ஓரங்கள் கிழிந்திருந்தன. பக்கத்தில் காரக் கிழங்கு போட்ட கிரீம் ஒரு கரண்டி. அந்த மீனுக்கு அது தேவையே இல்லை, இரண்டு துளி தேசிக்காய் போதும்.

பிரதான கோப்பை, மாவில் லேசாகப் புரட்டிப் பட்டரில் பொரித்த ஃபெரா. தோலோடு வந்தது. எனக்கு அங்கேயே மனம் இளகிவிட்டது. நிறையக் கடைகளில் தோலை உரித்துவிடுவார்கள், வேலை சுலபம். தோலோடு பொரிப்பதென்றால் செதிளைச் சுத்தமாக எடுக்கவேண்டும். ஃபெராவின் செதிள் பெரிது, விரலால் தட்டினாலே பறக்கும். மீன் மேசையில் நிற்கிறவன் வீட்டுக்குப் போனால் மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். என் மூத்தவள் சின்னதில் அதைப் பிய்த்து யன்னல் கண்ணாடியில் ஒட்டி விளையாடுவாள். சட்டியில் தோலைக் கீழே வைத்து முதல் அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் சுருண்டு படகு மாதிரி ஆகிவிடும். இந்தக் கோப்பையில் தோல் நேராகப் படுத்திருந்தது. கரண்டி முனையால் தட்டினால் சத்தம் கேட்டது. அழுத்திப் பிடித்த விரல் தெரிந்த விரல்.

அப்புறம் முள். ஃபெராவில் நடுமுள்ளை எடுத்தாலும் துண்டின் முன்பாதியில் ஒரு வரிசை மெல்லிய முள் நிற்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் மென்சதை கிழியும். அதனால் அந்த வரிசைக்கு இரண்டு பக்கமும் சாய்வாகக் கீறி ஒரு நாடா மாதிரி எடுப்போம். அதிகம் எடுத்தால் மீன் போகும், குறைத்து எடுத்தால் வாடிக்கையாளருக்கு இருமல். எங்கள் இரண்டு கோப்பையிலும் சேர்த்து நான் கண்டது இரண்டு முள். இரண்டும் என் கோப்பையில். என் காலத்தில் நான் இதைவிட மோசமாகவும் விட்டிருக்கிறேன்.

சதை சரியான பதத்தில் வெந்திருந்தது, முள்ளுக்கரண்டியை வைத்தால் இதழ் இதழாகப் பிரிந்தது. ருசி என்று கேட்டால், எங்கள் ஆட்களுக்கு முதல் வாயில் ஏமாற்றமாக இருக்கும். பருத்தித்துறைக் கடலில் விளைமீனும் பாரையும் தின்று வளர்ந்த வாய்க்கு ஏரி மீன் உப்பில்லாத தண்ணீர் மாதிரித்தான். ஆனால் சேறு மணக்காது. குளத்து மீன் என்று முகத்தைச் சுழிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இது அடியில் சேற்றைக் கிண்டித் தின்கிற மீன் இல்லை, நடுத்தண்ணீரில் மிதக்கிற மிகச் சின்னப் பூச்சிகளைத் தின்பது. அதனால்தான் சதையில் ஒரு மெல்லிய இனிப்பு. மூன்றாவது வாயில்தான் அது தெரியவரும்.

பட்டர் சோஸ் கூடிப்போயிற்று. மீன் நீந்தியது. அவித்த உருளைக்கிழங்கு நான்கு, எல்லாம் ஒரே அளவு, அதிலே குறை சொல்ல ஒன்றுமில்லை. கீரை உப்பு. மனுசி, துணியில் கட்டி வந்த அரைத் தேசிக்காயைப் பிழிந்து முடித்துவிட்டு எனதையும் எடுத்துக்கொண்டார்.

பக்கத்து மேசையில் நான்கு பேரும் பெர்ஷ் எடுத்தார்கள். இந்தக் கரைக்கு வருகிற எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். சொல்லிவிடுகிறேன்: இந்த ஏரிக்கரையில் விற்கிற பெர்ஷில் பெரும் பங்கு இந்த ஏரியினது இல்லை. ஏரி தருகிற அளவு சாப்பிடுகிறவர்களுக்குக் காணாது. போலந்து, பால்டிக் பக்கம் என்று எங்கெல்லாமோ இருந்து வரும். வலே மாநிலத்தில் தொட்டியில் வளர்ப்பதும் உண்டு. எந்த நாட்டு மீன் என்று கடைக்காரர் எழுதியாகவேண்டும், அது சட்டம். இங்கேயும் எழுதியிருந்தார்கள், அட்டையின் கடைசிப் பக்கத்தில், காப்பி விலைகளுக்குக் கீழே: எஸ்தோனியா. ஒளிக்கவில்லை. ஆனால் அங்கே கண்ணாடி போட்டுத் தேடிப் பார்க்கிறவன் என்னைப் போல ஒருவன்தான். பெர்ஷுக்குப் பிறந்த ஊர் எழுதச் சட்டம் கேட்கிறது. ஃபெராவுக்கு லெமான் என்று எழுதினால் அதுவும் சட்டப்படி சரிதான், பிடித்தது இங்கேதான். அந்தப் பெடியன் சொன்ன "அசல்" மட்டும் எந்த அட்டையிலும் எழுத முடியாது.

சாப்பிட்டு முடியும்போது குசினிக் கதவு திறந்தது. "அண்ணை, நீங்களா? உள்ளுக்க இருந்து பாத்தனான், அவர்தானோ எண்டு" என்று கையைத் துடைத்தபடி எங்கள் ஆள் வந்தார். நான் விட்ட ஹோட்டலில் என்னிடம்தான் வெட்டுப் பழகியவர். அந்தக் கீறல் எனக்கு முன்னமே தெரிந்த கீறலாக இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. மனுசி உடனே, "தம்பி, தோல் நல்லாப் பொரிச்சிருந்தீர். கீரைக்குத்தான் உப்பு" என்றார். கீரை வைத்தது வேறு ஆள் என்று அவர் பதறினார்.

பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். ஐஸ் போட்ட பெட்டி, அதில் ஆறு ஃபெரா. காலையில் மீனவர் கொண்டுவந்தது அவ்வளவும்தான். நான் வேலையில் இருந்த காலத்தை நினைத்துப் பார்த்தேன். 1988-இல் வந்தபோது ஃபெரா குறைவு. அந்த நாளில் ஏரி பச்சையாக இருந்தது. சோப்புத் தூளில் இருந்தும் வயலில் இருந்தும் வந்த பொஸ்பரஸ் பாசியை வளர்த்துவிட்டிருந்தது. துணி துவைக்கும் தூளில் பொஸ்பேட் போடக்கூடாது என்று 1986-இல் தடை வந்துவிட்டது. நான் மெஷினில் கொட்டிய கோப்பை கழுவும் தூளுக்கு அந்தத் தடை இல்லை. என் பங்கும் ஏதோ கொஞ்சம் இருந்திருக்கும். பிறகு தண்ணீர் தெளிந்தது, 2000-க்குப் பிறகு ஃபெரா பெருகியது. 2014, 2015 வாக்கில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், வெட்டி முடிய நாரி நிமிராது. அதே காலத்தில்தான், 2015-இல், கறுங்கடல் பக்கத்துக் குவாக்கா என்ற சின்னச் சிப்பியையும் முதல் முதலாக இந்த ஏரியில் கண்டார்கள். இன்றைக்கு அடியெல்லாம் அதுதான் ஒட்டிக்கிடக்கிறது, ஃபெரா தின்கிற பூச்சிக்கான தீனியை அது வடித்து எடுத்துவிடுகிறது. 2022, 2023 வாக்கில் ஃபெரா வரத்து திடீரென்று விழுந்தது. தண்ணீர் சூடேறுவதையும் சிப்பியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எங்கள் ஆள் சொன்னது: "சில கிழமை ஒண்டுமே வராதண்ணை. அட்டையில வரத்தைப் பொறுத்து எண்டு போட்டதே அதுக்குத்தான்."

சுவிஸ் ஏரிகளில் ஒவ்வொன்றுக்கும் தன் தன் கொறெகோன் இருந்தது, ஒரு ஏரியிலேயே மூன்று நான்கு வகை. ஆழத்தில் முட்டையிடுவது ஒன்று, கரையில் இடுவது ஒன்று என்று பிரிந்து வாழ்ந்தவை. தண்ணீர் கெட்டு அடியில் ஒட்சிசன் போனபோது ஆழத்து முட்டை மூச்சடைத்துச் செத்தது, மிஞ்சியவை மேலே வந்து மற்றதோடு கலந்துபோயின. 17 ஏரிகளைப் பார்த்து 2012-இல் வந்த ஆய்வொன்று, வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லாமல் போய்விட்டது என்று கணக்குக் காட்டியது. மொறா ஏரியில் இருந்த ஒன்று 1890-க்குப் பிறகு இல்லை. அடுத்த தரம் யாராவது "ஏரி மீன் எல்லாம் ஒண்டுதானே" என்றால் எனக்குக் கோபம் வரும்.

வெளிக்கிடும்போது எங்கள் ஆள் ஒரு பை தந்தார். இரண்டு ஃபெராவின் தலையும் நடுமுள்ளும், ஐஸ் கட்டியோடு. கடையில் அது குப்பைக்குப் போவது. மனுசிக்கு மீன் துண்டைவிட அதுதான் சந்தோசம். வீட்டில் பழப்புளி விட்டு, மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு ஒரு ரசம் வைத்தார். பிறகு ஒரு கிழமை கழித்துத் துறைமுகத்து மீனவரிடம் முழு ஃபெரா ஒன்று வாங்கிச் சொதியும் வைத்துப் பார்த்தோம். வாங்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சொதிக்கு இந்த மீன் சரிவராது. தேங்காய்ப்பால் கொதிக்க முதலே சதை உதிர்ந்து கஞ்சியாகிவிடுகிறது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பூசி, தோலோடு எண்ணெயில் பொரித்தால் பிரமாதம். புகைபோட்டது புட்டுக்கு நன்றாகச் சேர்கிறது. அது நான் எதிர்பார்க்கவில்லை. தலை ரசம்தான் எல்லாவற்றிலும் முதலிடம்.

மொத்தம் இரண்டு பேருக்கு, ஒரு புகைமீன், இரண்டு ஃபெரா, மனுசிக்கு ஒரு காப்பி, எனக்கு உள்ளூர் ஷாஸ்லா வைன் ஒரு டெசிலீட்டர், அந்தக் குடுவைத் தண்ணீர், எல்லாம் சேர்த்து நூறைத் தாண்டி இன்னொரு பத்துப் பிராங் போனது. இந்தக் கரைக்கு இது நடுத்தரம். மீன் பகுதிக்குக் கொடுத்த காசு சரி. புகைமீனை இரண்டாம் முறை எடுக்கமாட்டேன்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகாதேயுங்கள், வெளியே மேசை கிடைக்காது, குசினியும் அவசரத்தில் இருக்கும். புதன், வியாழன் நல்லது. ஒக்டோபர் நடுவில் இருந்து ஜனவரி வரைக்கும் ஃபெரா முட்டையிடும் காலம், பிடிக்கத் தடை. அப்போது அட்டையில் கண்டால் எப்போது பிடித்தது என்று கேளுங்கள். போக முன் போன் பண்ணி "ஃபெரா இருக்கிறதா" என்று கேட்பது நல்லது. இருக்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன், இனியும் அப்படித்தான் கேட்பேன், வேறு என்ன பெயர் சொல்லிக் கேட்பது. தண்ணீரை மட்டும் ரெயிலில் இருந்து இறங்க முதலே குடித்துவிடுங்கள்.